சென்னைக்குக் குடிவருகிறவர்களுக்கு: பட்ஜெட்டுக்குள் வாடகை வீடு பிடிப்பது எப்படி?

வேலைக்கான ஆர்டர் கையில் வந்ததும் ஊரிலிருந்தபடியே போட்டோ பார்த்து, அட்வான்ஸை அனுப்பி, சாமானை லாரியில் ஏற்றிவிடுவதுதான் பலர் செய்வது. சென்னையில் வாடகை வீட்டுக்கு ஆகும் வீண் செலவில் பெரும்பகுதி இந்த அவசரத்தில் தொடங்குகிறது. போட்டோவில் தண்ணீரின் உப்பு தெரியாது, தெருவின் தாழ்வு தெரியாது, இ.பி. மீட்டர் யார் பெயரில் இருக்கிறதென்றும் தெரியாது. முதல் மாதம் ஒரு ஹாஸ்டலிலோ உறவினர் வீட்டிலோ தங்கிக்கொண்டு, குடும்பத்தையும் சாமானையும் பிறகு அழைத்துக்கொள்வதே மலிவு. அந்த ஒரு மாதத்தில் ஆபீசுக்குப் போய்வரும் வழியும் பிடிபட்டுவிடும்.

பெண்கள் ஹாஸ்டல் தேடினால் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் ‘தோழி’ விடுதிகளும் இருக்கின்றன. ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பழைய வழி. ஒரு மாதத்துக்கு அது போதும்.

வாடகையைப் பார்க்காதீர்கள், மொத்தத்தைப் பாருங்கள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாடகை 12,000 ரூபாய், மெயின்டனன்ஸ் 1,500, ஐந்து மாத அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000. சாவி வாங்கும் நாளில் கையில் 85,500 ரூபாய் வேண்டும். வண்டிக்கூலி, ஏற்றி இறக்கும் கூலி, ஃபேன், டியூப்லைட், கொடிக்கயிறு எல்லாம் இதற்கு மேல். முன்பெல்லாம் பத்து மாத அட்வான்ஸ் சென்னையில் சாதாரணம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதம் என்று இறங்கியிருக்கிறது. ஆனாலும் பத்து கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

காலி செய்யும்போது ‘பெயின்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னை வழக்கம். பதினோரு மாதத்தில் வேறு வீடு மாறினால் புரோக்கருக்குக் கொடுத்த 12,000, பெயின்டிங்குக்குப் போன 12,000, ஆக 24,000 ரூபாய். பதினோரு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 2,180. நீங்கள் 12,000 ரூபாய் வீட்டில் இருந்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மெயின்டனன்ஸும் சேர்ந்து உண்மையில் மாதம் 15,700 ரூபாய் ஆகியிருக்கும். இரண்டு மூன்று வருஷம் நிலையாக இருக்கக்கூடிய வீட்டுக்கு ஐந்நூறு, ஆயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை என்று சொல்வது இதனால்தான்.

போக்குவரத்தையும் இதே கணக்கில் சேருங்கள். பத்தாயிரத்துக்குத் தொலைவில் ஒரு வீடு, பதினாலாயிரத்துக்கு ஆபீஸ் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தொலைவிலிருந்து பைக்கில் வந்துபோக தினம் 40 கிலோமீட்டர் கூடுதல் என்றால் 24 வேலை நாளுக்கு 960 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்கு 21 லிட்டருக்கு மேல், அதாவது பெட்ரோலுக்கே 2,100 ரூபாய்க்குக் குறையாது. சர்வீஸ், டயர் தேய்மானம் தனி. நாலாயிரம் மிச்சம் என்று நினைத்தது பாதிக்கும் கீழே வந்துவிடும். அதே தூரம் மின்சார ரயிலில் என்றால் கதை வேறு. சீசன் டிக்கெட் எடுத்தால் செலவு பெட்ரோலில் சிறு பங்குதான். மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்யும் மாதப் பாஸ் 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர், கரண்ட், போக்குவரத்து எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் அடுத்த அட்வான்ஸுக்குச் சேர்க்கவே முடியாது.

ஏரியாவை ரயில் தண்டவாளம் முடிவு செய்யட்டும்

ஆபீஸ் எங்கே என்று வரைபடத்தில் பார்த்து அதைச் சுற்றி வீடு தேடினால் விலை அதிகமான இடத்திலேயே போய் நிற்பீர்கள். ஆபீசுக்கு எந்த ரயில் பாதை போகிறது என்று பார்த்து, அந்தப் பாதையில் நகரை விட்டு வெளியே போகும் திசையில் போய்க்கொண்டே இருங்கள். ஸ்டேஷன் தாண்டத் தாண்ட வாடகை பொதுவாக இறங்கும்.

கிண்டி, சைதாப்பேட்டை, தி.நகர், நுங்கம்பாக்கம், எழும்பூர் பக்கம் வேலையென்றால் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு பாதை. குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், அதைத் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. தாம்பரத்திலேயே புறப்படும் வண்டிகளில் காலையில் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர்களுக்கு அது நிச்சயமில்லை. மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிற தென்மாவட்டத்துக்காரர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்தில் இருப்பது இன்னொரு லாபம். நகரின் வடகோடியில் குடியிருந்துகொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாம்பாக்கம் போய்ச் சேர்வது தனி யாத்திரை.

அம்பத்தூர் எஸ்டேட், சென்ட்ரல் பக்கம் வேலையென்றால் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி பாதை. சென்ட்ரல் பகுதிக்கு இவ்வளவு எளிதாக வந்துசேரக்கூடிய பாதையில் சிக்கன வாடகை இன்னும் மிச்சமிருப்பது இங்கேதான். தென்சென்னை மோகத்தில் பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பழைய மாமல்லபுரம் சாலை (ஓ.எம்.ஆர்.) சங்கடமான கேஸ். டைடல் பார்க், தரமணி வரைக்கும் பறக்கும் ரயில் உதவும். தொரப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரிக்கு ரயில் கிடையாது. இங்கே வேலை பார்க்கிறவர்கள் சிக்கனத்துக்காக மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை என்று உள்ளே போகிறார்கள். கீழ்க்கட்டளை, பல்லாவரம் பக்கத்திலிருந்து தொரப்பாக்கத்துக்கு ரேடியல் சாலை இருக்கிறது. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கும் சாலை உண்டு. ஆனால் காலை எட்டரைக்கு அந்தச் சாலைகள் எப்படி இருக்கின்றன என்று திங்கட்கிழமை ஒருமுறை போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிஷத்தில் போன தூரம் அன்று ஒரு மணிநேரம் எடுக்கும்.

‘மெட்ரோ வரப்போகுது சார்’ என்று சொல்லி வாடகையை ஏற்றுகிறவர்கள் ஓ.எம்.ஆர். பக்கம் நிறைய. ஓடாத ரயிலுக்கு இன்றைக்கே வாடகை கொடுக்க வேண்டியதில்லை. ரயில் வரும் வரை உங்களுக்குக் கிடைப்பது தடுப்பு வேலியும் தூசியும்தான்.

வீடு எங்கே கிடைக்கும்?

ஆப்களில் பார்ப்பது விலை நிலவரம் தெரிந்துகொள்ள நல்லது. நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் மூன்றிலும் ஒரே ஏரியாவைப் போட்டு, ஒரே அளவு வீடுகளுக்குக் கேட்கும் வாடகையைக் குறித்துக்கொண்டால் எது நியாயம், எது அடாவடி என்று தெரிந்துவிடும். ஆனால் மலிவான வீடுகள் பெரும்பாலும் ஆப் பக்கமே வருவதில்லை. மாடியில் ஒரு போர்ஷன் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஓனர் ஒரு அட்டையில் ‘டூ லெட்’ என்று எழுதி கேட்டில் கட்டுவதோடு சரி. அந்த அட்டை உங்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் நடக்க வேண்டும்.

சனி, ஞாயிறு காலை ஏழிலிருந்து பத்துக்குள் ஸ்டேஷனைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தெருத்தெருவாக நடங்கள். பிரதான சாலையை விட்டு மூன்றாவது நான்காவது தெருவுக்குள் போனால்தான் விலை இறங்கும். ஒரே போன் நம்பர் நாலு தெருவில் கம்பத்திலும் மரத்திலும் தொங்கினால் அது புரோக்கர் நம்பர். கேட்டில் மட்டும் தொங்குவது பெரும்பாலும் ஓனருடையது.

போர்டு மாட்டுவதற்கு முன்பே யார் காலி செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் மூன்று பேர் இருப்பார்கள். இஸ்திரி வண்டிக்காரர், தண்ணீர் கேன் போடும் பையன், மளிகைக் கடை அண்ணாச்சி. ஒரு சோடா குடித்துவிட்டு, “அண்ணாச்சி, இந்தப் பக்கம் சின்ன ஃபேமிலிக்கு வீடு ஏதாச்சும் காலியாகுதா?” என்று கேளுங்கள். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரமும் போய் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். புரோக்கர் கமிஷன் மிச்சமாவது மட்டுமல்ல, ஓனர் எப்படிப்பட்டவர், முன்பிருந்தவர் ஏன் காலி செய்தார் என்பதும் சேர்ந்தே கிடைக்கும்.

போனில் பேசும்போது அவர்கள் கேட்கப்போவது முன்கூட்டியே தெரிந்ததுதான். எத்தனை பேர், ஃபேமிலியா பேச்சுலரா, எங்கே வேலை, எந்த ஊர், அசைவம் சமைப்பீர்களா. சில இடங்களில் சாதி, மதத்தைச் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். ‘வெஜ் ஒன்லி’ என்று போர்டிலேயே எழுதுகிறவர்களும் உண்டு. இது நியாயமா என்பது ஒரு பக்கம். அலைச்சலை மிச்சப்படுத்த நீங்களே போனில் முதலில் சொல்லிவிடுங்கள். “சார், நாங்க நாலு பேர், கிண்டியில வேலை, வீட்டுல அசைவம் சமைப்போம், பரவாயில்லையா?” முடியாது என்றால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மறைத்துவிட்டுக் குடிபோனால் ஆறே மாதத்தில் காலி செய்யச் சொல்வார்கள். புரோக்கர் கமிஷனும் பெயின்டிங்கும் மறுபடி முதலிலிருந்து.

அதே அழைப்பில் நீங்கள் கேட்க வேண்டியவை: வாடகையில் மெயின்டனன்ஸ் சேர்த்தியா, தனி இ.பி. மீட்டரா, எத்தனை மாத அட்வான்ஸ், மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) வருகிறதா, எத்தனையாவது மாடி. கடைசிக் கேள்வி முக்கியம். மேலே வேறு மாடி இல்லாத வீடு என்றால் ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரி பதினோரு மணிக்கும் கூரை அனல் கக்கும். ஏ.சி. போட்டே ஆக வேண்டும். அந்தக் கரண்ட் பில்லையும் வாடகையோடு கூட்டுங்கள்.

எந்த மாதத்தில் தேடுவது?

ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி மாற்றம், வேலை மாற்றம் எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு அடிதடி. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். எனவே ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும் என்ற பயம் ஓனருக்கு இருக்கும். ஜூலை 10 தேதிவாக்கில் பேரம் பேசுகிறவருக்குத்தான் பிடி கிடைக்கும். சாஸ்திரம் பார்க்கிறவர்கள் ஆடி பிறப்பதற்கு முன் பால் காய்ச்சிவிட்டு, சாமானைப் பிறகு கொண்டுவருகிறார்கள். பார்க்காதவர்கள் ஆடியிலேயே போகலாம், ஓனர் ஒத்துக்கொண்டால். மார்கழிக்கு முன்பும் இதே கதைதான், ஆனால் அப்போது மழைக்காலம் முடிகிற நேரம் என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்பதையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பேரத்தில் வாடகைத் தொகையைக் குறைக்கச் சொன்னால் ஓனர் முறுக்கிக்கொள்வார். பக்கத்துப் போர்ஷன்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற கவலை. அட்வான்ஸை ஒரு மாதம் குறைக்கச் சொல்லுங்கள். பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பதற்குப் பதில் ‘ஆன செலவு மட்டும்’ என்று கேளுங்கள். வருஷ உயர்வை 10 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கச் சொல்லுங்கள். இவற்றுக்கு எளிதில் இறங்கிவருவார்கள்.

வீட்டைப் பார்க்கும்போது

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஹால் பெரிதா, டைல்ஸ் புதிதா என்பதெல்லாம் பிறகு. பாத்ரூம் குழாயைத் திறந்து சோப்பைத் தேயுங்கள். நுரைக்காமல் வழுக்கினால் உப்புத் தண்ணீர். ஷவரின் துளைகளைச் சுற்றி வெள்ளையாகக் காரை படிந்திருக்கிறதா, குழாய்க்கு நேர் கீழே தரையில் காவி நிறத்தில் கறை இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். முன்னது உப்பு, பின்னது இரும்பு. புது பெயின்ட் அடித்தவர்கள் சுவரைத்தான் மாற்றுவார்கள், இந்தக் கறையை எடுக்க மறந்துவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் கெடும். கடற்கரையோரப் பகுதிகளில் ஒரு தெருவில் நல்ல தண்ணீரும் அடுத்த தெருவில் உப்பும் இருப்பது சாதாரணம் என்பதால் ‘இந்த ஏரியாவில் தண்ணி நல்லாருக்கும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

மெட்ரோ வாட்டர் என்றால் நேரே சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டிக்கு) வருகிறதா, தெருவில் அடிபம்ப்பில் பிடித்து மாடி ஏற வேண்டுமா என்று கேளுங்கள். அடுக்ககமாக இருந்தால் ஓனரை விட வாட்ச்மேனிடம் கேட்பது மேல். “அண்ணே, மே மாசத்துல ஒரு நாளைக்கு எத்தனை லாரி வரும்?” ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேர் கொண்ட 24 வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 13,000 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேலே. போர்வெல் வற்றினால் தினம் ஒரு லாரி. அதன் விலையை முப்பதால் பெருக்கி வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கோடையில் மெயின்டனன்ஸ் எவ்வளவு கூடும் என்று தெரிந்துவிடும். ஓ.எம்.ஆர். ஓரத்துப் பல அடுக்ககங்கள் லாரித் தண்ணீரை நம்பி ஓடுகிறவை. 2019 கோடையில் நகரமே குடத்தோடு வரிசையில் நின்றதைச் சென்னைக்காரர்கள் மறக்கவில்லை.

அடுத்தது வெள்ளம். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகள் என்ன பாடுபட்டன என்பது தெரிந்ததே. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்தாலே காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவது அதன் பிறகு ஆண்டுச் சடங்காகவே ஆகிவிட்டது. இந்த ஏரியாக்களில் வீடே வேண்டாம் என்பதல்ல. முதல் மாடியோ அதற்கு மேலோ பாருங்கள், தெருவையும் பாருங்கள். சாலையைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. கேட்டிலிருந்து வீட்டுக்குள் படி இறங்கிப் போக வேண்டியிருந்தால் தரைத்தளத்தை விட்டுவிடுங்கள். வாசற்படியில் புதிதாக அரையடித் தடுப்புக் கட்டியிருப்பது, இ.பி. மீட்டர் பெட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றப்பட்டிருப்பது, சமையலறை அலமாரியின் கீழ்ப் பலகை மட்டும் ஊறி உப்பியிருப்பது, காம்பவுண்ட் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் அழுக்குக் கோடு. இவற்றில் இரண்டு இருந்தாலே தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. எதிர்வீட்டில் ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நின்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்தச் சலுகை மீட்டருக்குத்தான், ஆளுக்கு அல்ல. உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால், இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓட்டினாலும் பில் 500 ரூபாயைத் தொடாது. ஓனர் தன் மீட்டரிலிருந்து சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினால் அதே 200 யூனிட்டுக்கு 1,800. மாதத்துக்கு 650 ரூபாய்க்கு மேல் மறைமுக வாடகை. அதோடு எல்லாப் போர்ஷனும் ஒரே மீட்டரில் சேர்ந்தால் 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் எகிறும், அதைக் காட்டித்தான் யூனிட் விலையை ஏற்றுவார்கள். இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பில்களை ஓனர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். பாக்கி இருந்தாலும் தெரிந்துவிடும். தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் உள்ள பொது மீட்டர் பில்லை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

மற்றவை சில்லறை. போன் சிக்னல் சமையலறையிலும் படுக்கையறையிலும் வருகிறதா, பைக் நிறுத்த இடம் எழுத்தில் உண்டா, கட்டில் படிக்கட்டில் ஏறுமா. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருமுறை அதே தெருவில் நடந்து பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

வீட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ‘ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது, வீட்டைப் பார்க்க கேட் பாஸுக்கு 2,000 கட்டுங்கள், திரும்பி வந்துவிடும்’ என்பது ஊரறிந்த ஏமாற்று. பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்புவார்கள். ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணை (PIN) போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் தேவையே இல்லை.

வீடு பிடித்துவிட்டால் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து நிறுத்திவைக்கலாம். ஆயிரம், இரண்டாயிரம் போதும். அன்றைக்கே வாட்ஸ்அப்பில், ‘இன்ன தேதியில் டோக்கன் 2,000 கொடுத்தேன், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளப்படும், நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்தால் திருப்பித் தருவீர்கள்’ என்று அனுப்பி, ஓனரிடம் ‘ஓகே’ வாங்கிக்கொள்ளுங்கள்.

பேசுகிறவர்தான் ஓனரா என்பதை உறுதிசெய்ய சொத்து வரி ரசீதையும் இ.பி. பில்லையும் கேளுங்கள். இரண்டிலும் உள்ள பெயரும் அவருடைய அடையாள அட்டையும் பொருந்த வேண்டும். அப்பா பெயரில் இருந்து மகன் வாடகைக்கு விட்டால் அப்பாவின் கையெழுத்தோ முறையான அதிகாரப் பத்திரமோ வேண்டும். ஓனர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வாடகை எவ்வளவு சிறியதானாலும் வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழுகிறது. ஆடிட்டரைக் கேட்காமல் அந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்கிறவர்கள், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் கொடுக்க வேண்டும். சில ஓனர்கள் தர மறுப்பார்கள். அட்வான்ஸுக்கு முன்பே கேட்டுவிட்டால் சண்டை மிச்சம்.

‘லீஸுக்கு வீடு’, ‘போக்கியத்துக்கு வீடு’ என்ற போர்டுகள் ஆசை காட்டும். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை, முடிவில் முழுப் பணமும் திரும்பும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் இரண்டு இடத்தில். ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்த இடைத்தரகர், உங்களிடம் லீஸ் பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, சில மாதம் ஓனருக்கு வாடகை கட்டிவிட்டு மறைந்துவிடுவார். ஓனர் வந்து கதவைத் தட்டும்போதுதான் உங்களுக்கு விஷயம் தெரியும். இல்லையென்றால் வீடு வங்கிக் கடனில் இருக்கும், தவணை நின்றால் வங்கி வந்து பூட்டுப் போடும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். அதைப் பார்த்து, ஓனரை நேரில் சந்தித்து, அவருடைய கணக்குக்கே பணம் அனுப்பி, பத்திரத்தைப் பதிவும் செய்வதாக இருந்தால் மட்டும் லீஸ். இதில் ஒன்று குறைந்தாலும் மாத வாடகையே மேல்.

ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். அதற்கென அரசின் இணையதளம் இருக்கிறது. பதினோரு மாதம்தானே, முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பல ஓனர்கள் இன்னும் சொல்கிறார்கள். பிரச்சினை வந்து வாடகை அமைப்புக்குப் போனால் பதிவு எண்தான் உங்கள் கையில் உள்ள பிடி.

அதே சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. அந்த ‘வேறுவிதமாக’ என்ற வார்த்தையில்தான் ஐந்தும் பத்தும் நுழைகின்றன. அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். வாடகைத் தகராறு என்பதற்காக ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த முடியாது.

ஒப்பந்தத்தில் எண்ணாகவே இருக்க வேண்டியவை உண்டு. அட்வான்ஸ் தொகை, கொடுத்த தேதி, வங்கிப் பரிமாற்ற எண், ஆண்டு உயர்வு சதவீதம், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்டிங்குக்கு அதிகபட்சம் எவ்வளவு. ‘பரஸ்பர சம்மதத்தின்படி வாடகை உயர்த்தப்படும்’ என்று மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு ஓனர் சொல்வதுதான் சம்மதம். மோட்டார் பழுது, கசிவு, வயரிங் ஓனர் செலவு, குழாய் வாஷர், பல்பு உங்கள் செலவு என்று ஒரு வரி இருக்கட்டும். ‘ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை பிடித்தம்’ என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். புது வேலையில் இருப்பவர்களுக்கு, வேலையே மாறக்கூடும் என்பதால், அது ஆபத்து.

சாவி வாங்கும் நாள்

சாமான் இறங்கும் முன், வெறும் வீட்டை ஐந்து நிமிட வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், உடைந்த டைல், கீறிய கதவு, ஆடும் குழாய் எல்லாம் நெருக்கத்தில். இ.பி. மீட்டர் அளவையும் எண் தெரியும்படி போட்டோ. இரண்டையும் அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாத பில் வரும்போது முன்பிருந்தவரின் யூனிட்டைப் பிரிக்க அந்த போட்டோதான் ஆதாரம், காலி செய்யும் நாளில் ‘இந்த டைலை உடைத்தது நீங்கள்தான்’ என்று பிடித்தம் செய்யாமலிருக்க வீடியோ.

ஒரு படுக்கையறை வீட்டுச் சாமானுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியானை போதும். கட்டிலும் பீரோவும் இருந்தால் இரண்டு நடை. கூலியை மாடி எண்ணிக்கை சொல்லி முன்பே பேசுங்கள். வந்து நின்ற பிறகு ‘லிஃப்ட் இல்லைன்னு சொல்லலையே’ என்று ஏற்றுவார்கள். சில அடுக்ககங்களில் சாமான் ஏற்றி இறக்கச் சங்கத்துக்குத் தனிக் கட்டணமும் நேரக் கட்டுப்பாடும் உண்டு.

கேஸ் இணைப்புக்கு, ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, மாற்றுச் சீட்டு வாங்கி வர வேண்டும். இங்கே புது டெபாசிட் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அது வரும் வரை 5 கிலோ சிறிய சிலிண்டர் உதவும், அதற்கு முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும். வாடகையை முதல் மாதத்திலிருந்தே வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். ஓனர் ரொக்கம்தான் வேண்டும் என்றால் மாதாமாதம் ரசீதில் கையெழுத்து வாங்குங்கள், அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும்போது ‘மூணு மாச வாடகை பாக்கி’ என்ற பேச்சுக்கு இடம் இருக்காது.